வகுப்பறைக்கு வரும் கருவியைத் தேர்ந்தெடுப்பது யார்?

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் குடியானவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், விஷயம் தெரிந்த நாலு பேரைக் கேட்கிறான். தரகன் பேச்சை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. ஆனால், நம் பிள்ளைகளின் படிப்புக்கென்று செயலிகளும் மென்பொருள்களும் மின்திரைகளும் வாங்கப்படும்போது, இந்தச் சாதாரண எச்சரிக்கை எங்கே போய்விடுகிறது?

வாங்குகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் வேறொருவர், பலனையோ பாதகத்தையோ அனுபவிக்கிறவர் மூன்றாமவர். மேலிருந்து உத்தரவு வருகிறது. ஆசிரியர் கைப்பேசியில் இன்னொரு செயலியைப் பதிவிறக்கிக்கொள்கிறார். "இது உங்கள் வகுப்புக்கு உதவுமா?" என்று அவரை யாரும் கேட்பதில்லை. குழந்தையைக் கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள கோளாறு அல்ல. யுனெஸ்கோ ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வித் தொழில்நுட்பத்தால் விளையும் நன்மைக்குப் பாரபட்சமற்ற சான்றுகள் அருமையாகவே கிடைக்கின்றன என்று கூறுகிறது. பிரிட்டனில் இத்தொழிலில் ஈடுபட்ட கம்பெனிகளில் நூற்றுக்கு 7 மட்டுமே தங்கள் சரக்கை முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தன. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் விசாரித்தபோது, வாங்குமுன் நிபுணர்கள் சரிபார்த்த சான்றைக் கேட்ட ஆசிரியர்களும் நிர்வாகிகளும் நூற்றுக்கு 11 பேரே. பெரு நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை விநியோகித்தார்கள். போதனை முறையோடு அவற்றை இணைக்கவில்லை. விளைவு? படிப்பு முன்னேறவில்லை.

அப்படியானால், இயந்திரமே வேண்டாம் என்கிறோமா? ஒருபோதும் இல்லை. நிலநடுக்கோட்டையும் செல்லின் உட்கருவையும் அசையும் படமாகக் காணும் குழந்தையின் கண்ணில் தோன்றும் ஒளியை எந்த ஆசிரியர்தான் வெறுப்பார்? நல்ல கருவி ஏழைக் குழந்தைக்கும் வேண்டும். எது நல்ல கருவி, அதை யார் நிர்ணயிப்பது என்பதே நம் கேள்வி.

அண்டை மாநிலமான கேரளத்தின் அனுபவத்தைப் பாருங்கள். பள்ளிகளில் கணினிக் கல்விக்கான 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் அங்கே 2001-ல் துவங்கியது. ஆரம்பத்தில் ஒரே அந்நியக் கம்பெனியின் மென்பொருளையே அது சார்ந்து நின்றது. ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் ஆட்சேபம் எழுப்பினார்கள். பொதுப் பள்ளியின் பாடத்தை ஒரு கம்பெனியின் உரிமத்தோடு ஏன் கட்டிப்போட வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். வாதம் நடந்தது, கொள்கை மாறியது. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், உரிமக் கட்டணம் தர வேண்டியதில்லை என்ற வகை மென்பொருள் பள்ளிகளுக்கு வந்தது. அதை மலையாளத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் ஏற்றவாறு அமைத்துக்கொண்டார்கள், ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கினார்கள். 2020 ஜூனில் கொள்ளை நோய்க் காலத்தில் 'விக்டர்ஸ்' தொலைக்காட்சி மூலம் பாடம் துவங்கியபோதும், வீட்டில் பெட்டி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் பொது இடங்களிலும் படிப்பு மையங்கள் அமைக்க வேண்டி வந்தது. கருவி மட்டும் போதாது. கடைசிக் குழந்தைக்கு அது எட்ட வேண்டும் என்ற பாடத்தை அந்த நாட்கள் கற்பித்தன.

எனவே, எந்தக் கருவி வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது: இதனால் எந்தப் பாடம், எந்தக் குழந்தைக்கு, எப்படி எளிதாகிறது? சான்று எங்கே? கம்பெனியின் விளம்பரம் சான்றாகாது. ஒரு பருவம், சில வகுப்புகளில் சோதித்துப் பார்த்து, கருவி இல்லாத வகுப்போடு ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது: கடைசி பெஞ்சுக் குழந்தைக்கு இது எட்டுமா? 2017-18-ம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை நூற்றுக்கு 4.4, இணைய வசதி பெற்றிருந்தவை 14.9. அதற்குப் பின் கைப்பேசிகள் பெருகிவிட்டன, உண்மைதான். ஆனால் வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் அந்தக் கைப்பேசி, காலையில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடுகிறதே! இணையம் இல்லாதபோதும், பழைய கணினியிலும், தாய்மொழியிலும் இயங்காத கருவி யாருக்கு உதவும்?

மூன்றாவது: குழந்தையைப் பற்றிய விவரங்கள் எங்கே போகின்றன? கொள்ளை நோய்க் காலத்தில் சர்க்கார்கள் சிபாரிசு செய்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் 49 நாடுகளில் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022-ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் நூற்றுக்கு 89, குழந்தைகளின் உரிமையை மீறும் விதத்திலோ அபாயத்துக்குள்ளாக்கும் விதத்திலோ விவரங்களைக் கையாண்டதாக அது கூறியது. இலவசம் என்று சொல்லிப் பிள்ளையின் பழக்கவழக்கங்களை வியாபாரச் சரக்காக்குவது எந்த ஊர் நியாயம்?

நான்காவது: கம்பெனி போய்விட்டால் பாடம் நிற்குமா? 2022-ல் 2,200 கோடி டாலர் பெறும் என்று மதிப்பிடப்பட்ட பைஜூஸ் கம்பெனி, 2024 ஜூலையில் திவால் சட்ட நடவடிக்கைக்கு ஆளாயிற்று. முதல் ஆண்டு இலவசம், மறு ஆண்டு கட்டணம் என்ற தூண்டிலும் உண்டு. நாம் தயாரித்த பாடங்களை, நம் மாணவர்களின் மதிப்பெண்களை, எந்த நேரமும் வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ஐந்தாவது: ஆசிரியரின் சுமை குறைகிறதா, கூடுகிறதா? வகுப்பில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டியவர், வருகைப் பதிவுக்கும் புகைப்படம் ஏற்றுவதற்கும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது கல்விக் கருவி அல்ல; கண்காணிப்புக் கருவி. ஆசிரியர் காலியிடத்தை நிரப்பாமல் அந்த இடத்தில் ஒரு திரையை மாட்டுவது அதைவிடப் பெரிய மோசடி.

இந்த ஐந்துக்கும் திருப்தியான பதில் தருகிற கருவியை இரு கையாலும் வரவேற்போம். பதில் சொல்லத் தயங்குகிறதை வாசலிலேயே நிறுத்துவோம்.

இதற்கு ஆசிரியர் தனியாக நின்று போராட முடியாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் இடம்பெறும் தேர்வுக் குழு வேண்டும். சோதனை முடிவுகளும், கம்பெனியோடு செய்த ஒப்பந்தமும், விலையும் பகிரங்கமாக வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதையும் ஒரு கோரிக்கையாக எழுப்ப வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் தாய்மார்கள், "இந்தச் செயலி என் மகளுக்கு என்ன செய்தது?" என்று கேட்க வேண்டும்.

மாட்டைப் பல்பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஜனங்களுக்கு, மென்பொருளைப் பல்பிடித்துப் பார்க்கத் தெரியாதா என்ன? தெரியும். கேட்கும் உரிமையைத்தான் நாம் கைப்பற்ற வேண்டும்.