குட்டி வாங்குமுன் ஒரு நம்பர் கேளுங்க

எங்க ஊர் பெரியதாழை. மே மாச மத்தியானத்துல, கடல் தொழிலுக்குப் போற என் சித்தப்பாவே செருப்பில்லாம மணல்ல நிற்க மாட்டார். அந்த ஊருக்குப் போன வருஷம் ஒரு ஹஸ்கி குட்டி வந்தது. இன்ஸ்டாவில் ஆர்டர், ஆம்னி பஸ்ஸில் டெலிவரி. வயசு 35 நாள், முதல் தடுப்பூசிக்கே வயசாகல. பத்தே நாளில் பார்வோ வந்து செத்துப்போச்சு. விற்றவரின் போன் அன்றிலிருந்து சுவிட்ச் ஆஃப்.

சட்டம் இல்லையான்னு கேக்கிறீங்களா? இருக்கு பாஸ். 2017-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. நாயை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யணும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு தாய் நாயை ஆயுளுக்கு ஐந்து ஈற்றுக்கு மேல் ஈன வைக்கக் கூடாது. 2024-ல் தமிழக அரசு எழுதிய கொள்கையோ, நம்ம வெயிலுக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில் ஹஸ்கியையும் சேர்த்தது.

லைசென்ஸ்னா லஞ்சத்துக்கு இன்னொரு ஜன்னல்தானேன்னு சிரிப்பீங்க. நானும் சிரிச்சவன்தான். ஆனா பதிவு எண் இருந்திருந்தா, அந்தக் குட்டியின் தாய் எந்தக் கூண்டில் கிடக்குதுன்னு போய்ப் பார்க்க ஒரு முகவரியாவது கிடைச்சிருக்கும். அதுக்கு இது எத்தனையாவது ஈற்றோ?

நாய் வேணும்னா கோவில்பட்டிப் பக்கம் நம்ம கன்னி இருக்கு, வெயில் அதுக்குப் பழக்கம். அங்கேயும் முதல்ல பதிவு எண்ணைக் கேளுங்க. "அதெல்லாம் எதுக்கு தம்பி"ன்னு இழுத்தா, அட்வான்ஸ் போடாம கிளம்பிடுங்க.