கொழுந்து இங்கே, ஆய்வு எங்கே?

கம்பனிகள் தம் ஆராய்ச்சியைப் பிறநாடுகளுக்கு எடுத்துச் செல்லும்போது அரசாங்கங்கள் வழமையாகக் கையாளும் மருந்து வரிச் சலுகையே. இந்தியா 2010இல் கம்பனிகளின் ஆய்வுச் செலவுக்கான கழிவை 200 வீதமாக உயர்த்தியது. 2017இல் அதனை 150 வீதமாகவும் 2020இல் 100 வீதமாகவும் குறைத்தது. இலங்கையின் 2017ஆம் ஆண்டு உண்ணாட்டரசிறைச் சட்டமும் அத்தகைய மேலதிகக் கழிவுக்கு இடமளித்தது. சலுகை தந்தால் ஆய்வு தங்கும் என்பது இக்கொள்கையின் நம்பிக்கை. அது எத்துணை வலுவற்றது என்பதற்கு மலையகத்தின் தேயிலை வரலாறே சான்று.

அட்டனிலிருந்து புகைவண்டியேறிக் கொட்டகலையைக் கடந்தால் தலவாக்கலை. அங்குள்ள சென் கூம்ஸ் தோட்டத்திலேதான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இந்நிலையம் எந்தவொரு கம்பனியின் கொடையாலும் வளர்ந்ததன்று. ஏற்றுமதித் தேயிலை மீது அறவிடப்பட்ட செஸ் வரியால் வளர்ந்தது. அவ்வரியின் மூலம், மழையிலும் பனியிலும் கூடை சுமந்த தொழிலாளியின் உழைப்பேயாகும். 1930களில் யாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொணர்ந்து தேயிலைப் புழுவை அடக்கியமையும், டி.ஆர்.ஐ. 2025 முதலான வீ.பி. தேயிலை இனங்களை உருவாக்கியமையும் இந்நிலையத்தின் சாதனைகள்.

கம்பனிகள் செய்தது யாது? புரூக் பொண்ட் 1920களிலேயே கென்யாவின் கெரிச்சோவில் காலூன்றியது. 1951இல் கிழக்காபிரிக்கத் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் அங்கே எழுந்தது. நிலச்சீர்திருத்தமே மூலதனத்தை விரட்டியது என வாதிடுவோர் இவ்வாண்டுகளை நோக்குவாராக. தோட்டங்கள் அரசுடைமையானது 1972இலும் 1975இலுமே. நிலமும் மலிவான உழைப்பும் அரசின் ஆதரவும் தம் கையிலிருந்த காலத்திலேயே கம்பனிகள் வேறிடம் நாடின. 1890இல் தம்பதென்னை முதலிய தோட்டங்களை வாங்கிய லிப்டனின் பெயர் பின்னர் யூனிலீவருக்கு உரியதாயிற்று. அந்நிறுவனம் தன் தேயிலை ஆய்வை இங்கிலாந்தின் கோல்வர்த்திலே நடத்தியது. இலாபம் எங்கே திரள்கிறதோ அங்கேயே கம்பனியின் ஆய்வும் திரளும். இங்கே நிலைத்தது பொதுப்பணத்தால் எழுந்த நிலையமே.

ஆயினும் அரசு குற்றமற்றது என்று கொள்வதற்கில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்குச் செல்வது சுமார் 0.1 வீதமே. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் 2022இல் சுமார் 251 மில்லியனாகச் சரிந்தது. எரிபொருள் நெருக்கடியும் இதற்கு ஒரு காரணமெனினும், படிப்படியான பரிசோதனையின்றி ஒரு நாட்டின் பயிரையே பரிசோதனைக்குள்ளாக்கிய பழி அரசையே சாரும். ஆய்வைக் கம்பனி வெளியே கொண்டுசெல்வது ஒரு கேடு. ஆய்வு வீட்டிலிருந்தும் அதனைக் கேளாதிருப்பது அதனினும் பெரிய கேடு.

கம்பனிகளின்றிச் சந்தையறிவு கிட்டாது என்பார் உளர். உண்மையே, கம்பனிகள் வரட்டும், ஆனால் நிபந்தனையோடு வரட்டும். பொது ஆராய்ச்சி நிலையத்தோடோ பல்கலைக்கழகத்தோடோ இணைந்து இங்கே செய்யப்படும் ஆய்வுக்கே சலுகை வழங்கப்படல் வேண்டும். அதன் பயனில் நாட்டுக்கும் உரிமை இருத்தல் வேண்டும். தேயிலையிலிருந்து பெறும் செஸ் வரியில் ஆய்வுக்குரிய பங்கு வேறெதற்கும் திருப்பப்படலாகாது. ஆய்வின் முடிவுகள் கொழுந்து பறிப்பவரின் மொழியிலே லயத்து வாசல்வரை சென்றடைதல் வேண்டும். இலையில் நோய் தோன்றுவதை முதலிற் காணும் கண் அவருடையதே.

லயத்திலே பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் இன்று நம்மிடையே உளர். அவருள் ஒருவர் சென் கூம்ஸின் ஆய்வுகூடத்திலே தலைமை ஏற்கும் வழியை அமைப்பதே அரசின் கொள்கையாதல் வேண்டும். தாயின் கூடையிலிருந்து பிறந்த வரிப்பணத்தால் எழுந்த நிலையத்தில் மகளுக்கு இடம் கேட்பது சலுகையன்று, உரிமை.