எல்லை வகுத்தவர்கள் பதில் சொல்லட்டும்

கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 2 அன்று தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. நான்கு நாள் கழித்து, இலங்கைப் பயணத்தை முடித்துக்கொண்டு அனுராதபுரத்திலிருந்து நேராகப் பாம்பனுக்கு வந்த பிரதமர், புதிய பாலத்தைத் திறந்துவைத்து இராமேசுவரம்–தாம்பரம் ரயிலுக்குக் கொடியசைத்தார். நம் காட்டாங்குளத்தூரைக் கடந்துதான் அந்த ரயில் போய்வருகிறது. பாலமும் ரயிலும் வந்துவிட்டன. பாக் நீரிணையில் கைதுகள் மட்டும் நின்றபாடில்லை.

2004 முதல் 2024 வரையிலான இருபது ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்கள் இலங்கையால் கைது செய்யப்பட்டதாகவும் 1,175 படகுகள் பறிமுதல் செய்யப்பட்டதாகவும் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரே 2024 ஏப்ரலில் கூறினார். பிடிபட்டவர்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஊர்காவற்துறை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். யாழ்ப்பாணச் சிறையில் அடைக்கிறார்கள். ஆள் திரும்பி வந்தாலும் படகு வருவதில்லை. கடன் வாங்கிக் கட்டிய விசைப்படகு மயிலிட்டித் துறைமுகத்தில் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போக, தங்கச்சிமடத்தில் இருக்கும் குடும்பம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

இரு நாட்டுக் கடலுக்கு நடுவே இந்த எல்லைக்கோடு எப்படி விழுந்தது என்பதை மக்கள் மறக்கக் கூடாது. 1974 ஜூன் 26, 28 தேதிகளில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையால், சுமார் 285 ஏக்கர் கொண்ட கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் விளக்கம் அளித்தது ஜூலை 23 அன்று, எல்லாம் முடிந்த பிறகு. அப்போதும்கூட, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்ற வாசகமாவது உடன்படிக்கையில் இருந்தது.

1976 மார்ச்சில் நடந்தது அதைவிடக் கொடியது. நாட்டில் நெருக்கடி நிலை. தமிழகத்தில் திமுக ஆட்சி ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டுவிட்டதால், கேள்வி கேட்கச் சட்டப்பேரவையே இல்லை. அந்த வேளையில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் பரிமாறிக்கொண்ட கடிதம், இந்திய மீனவர் இலங்கைக் கடற்பகுதியில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவுகட்டியது. ஒரு கடற்கரையின் பிழைப்பே இரண்டு அதிகாரிகளின் கடிதத்தில் கைமாறியது. அன்றைய காங்கிரஸ் அரசு செய்தது ஜனநாயகத் துரோகம் என்றே நாம் சொல்வோம்.

நாட்டின் நிலப்பகுதியை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் தேவை என்று பெருபாரி வழக்கில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வங்கதேசத்துடன் நிலப்பகுதிகளை மாற்றிக்கொள்ள 2015-இல் நூறாவது திருத்தம் நிறைவேற்றப்பட்டது. கச்சத்தீவு விஷயத்திலோ, அது தகராறில் இருந்த தீவு, எதையும் தாரைவார்க்கவில்லை என்பதே மத்திய அரசின் வாதம். சட்டப்படி அது நிற்குமா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். பாதிக்கப்படும் மக்களைக் கேட்காமல் எல்லை வகுக்க எந்த நிர்வாகத்துக்கும் தார்மீக உரிமை கிடையாது.

இன்று ஆள்பவர்களும் இதில் தப்ப முடியாது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தில், தீவை மீட்க வேண்டுமானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்று சொன்னவர் பாஜக அரசின் அட்டர்னி ஜெனரல். பத்தாண்டு கழித்து மக்களவைத் தேர்தல் நெருங்கியதும் அதே தீவைக் காங்கிரசுக்கு எதிரான குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டவர் பிரதமர். நீதிமன்றத்தில் ஒரு பேச்சு, தேர்தல் மேடையில் இன்னொரு பேச்சு என்பது பொறுப்புள்ள அரசுக்கு அழகல்ல. திமுகவும் கணக்குச் சொல்ல வேண்டியதுண்டு. 1974 உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு ஒரு வாரம் முன்பே வெளியுறவுச் செயலாளர் அன்றைய முதல்வர் கருணாநிதியிடம் விவரம் சொன்னதாக 2024-இல் வெளியான ஆவணங்கள் காட்டுகின்றன. பேரவைத் தீர்மானம் மட்டும் அந்தக் கேள்விக்கு விடையாகாது.

கசப்பான இன்னோர் உண்மையும் உண்டு. தீவு திரும்பி வந்தாலும் மீன் திரும்பி வராது. இழுவைமடி நம் பக்கத்துக் கடலடியை வழித்தெடுத்துவிட்டது. விசைப்படகுகள் கோடு தாண்டுவதற்கு அதுவே முதற்காரணம். அங்கே வலையறுந்து நிற்பவர்கள் சிங்களர் அல்லர். போரில் எல்லாம் இழந்து கடலை நம்பி மீண்டெழ முயலும் வடபகுதித் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. நம் அரசுகளும் அதே ஆண்டில், பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டில் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தன. அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. மானியம் கொடுத்தும் மீனவர் ஏன் முன்வரவில்லை என்று கேட்டு, திட்டத்தைத் திருத்தியிருக்க வேண்டியது தில்லியும் சென்னையும்தான். இதற்கு 1974-ஐக் காரணம் காட்ட முடியாது.

எல்லை மீதான அதிகாரம் முழுவதும் மத்திய நிர்வாகத்தின் கையில் இருக்கிறது என்றால், அதற்கான பொறுப்பும் முழுவதும் அங்கேதான் இருக்க வேண்டும். 1974, 1976 ஆவணங்களையும் அதன்பின் நடந்த பேச்சுகளையும் வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்தில் வைத்து, முழு விவாதத்துக்கு மத்திய அரசு உட்பட வேண்டும். இழுவைமடியை நிறுத்தும் நாளையும், படகை ஒப்படைப்பவருக்கான இழப்பீட்டையும் மாநில அரசு அறிவிக்க வேண்டும். கடலோரத் தொகுதிகளின் உறுப்பினர்கள் மட்டும் இதைக் கேட்டால் போதாது. அடுத்த முறை வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வரும் மக்களவை வேட்பாளரிடம், இந்த இரண்டுக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வாசகர்கள் கேட்க வேண்டும்.