முதிரையை இனங்காணல்

முதிரையைப் பலகையாகக் கண்டால் நம் வீட்டுப் பெரியோர் நொடியில் இனங்கண்டு கொள்வர். கதவுநிலை, கட்டில், அலுமாரி என அதன் பொன்மஞ்சள் மினுக்கத்தோடு பழகியவர்கள் அவர்கள். 1833ஆம் ஆண்டு பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே எழுந்த ஒற்றை வளைவுப் பாலமும் முதிரைமரத்தால் ஆனதே. ஆயினும், அம்மரம் காட்டில் உயிரோடு நிற்கும்பொழுது அதனை அறிந்து சொல்லவல்லார் நம்மிடையே மிகச் சிலர்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. காணி துப்புரவாக்குவோர் முதிரைக் கன்றையும் பற்றையென எண்ணி வெட்டி எரித்துவிடுகின்றனர். மிக மெதுவாக வளரும் மரமாதலின், இழந்ததை விரைவில் ஈடுசெய்தல் இயலாது.

முதலில் இலையை நோக்குக. அது கூட்டிலை. நடுக்காம்பின் இருபுறத்தும் ஏறத்தாழ 10 முதல் 20 சோடிச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் நடுநரம்பால் சமபாதியாகப் பிரிக்கப்படாது. ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் காணப்படும். வேம்பின் சிற்றிலை விளிம்பில் அரம்போன்ற பற்கள் உண்டு. முதிரைக்கு அவை இல்லை. புளியோ தோற்றத்தில் முதிரையை ஒத்து நம்மை மயக்கக்கூடியது.

அம்மயக்கத்தைத் தீர்க்க எளியதொரு சோதனை உண்டு. சிற்றிலையொன்றைச் சூரிய வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இயலுமாயின் உருப்பெருக்கியால் நோக்குக. ஊசிமுனையாற் குத்தினாற்போல ஒளிபுகும் நுண்புள்ளிகள் தென்படும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இலையைக் கசக்கினால் மணம் கமழும். எலுமிச்சை, கறிவேப்பிலை, விளா, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது முதிரை என்பதற்கு இதுவே சான்று. புளியிலையில் இப்புள்ளிகள் இல்லை.

வறட்சியில் இம்மரம் இலையுதிர்த்து நிற்கும். அப்பொழுது பட்டையே துணை. அது மஞ்சள் கலந்த சாம்பல்நிறமாய், தக்கைபோல் தடித்து, ஆழமாக வெடித்திருக்கும். உட்பட்டை மஞ்சள்நிறமானது. அதைக் காண்பதற்காகக் கத்தியால் மரத்தைக் கொத்துதல் தகாது. ஒடிந்த கிளையின் காயத்தை நோக்கினாற் போதும். மரத்தடியில் மூன்றாகப் பிளந்த கபிலநிறக் காய்களும் சிறகுடைய விதைகளும் கிடக்குமாயின் ஐயம் நீங்கிவிடும்.

ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. இலை, மணம், பட்டை, காய் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துவர வேண்டும்.

மாணவர்களே, உங்கள் காணியிற் கத்தி எடுக்கப்படுமுன் கன்றுகளின் இலைகளை ஒருமுறை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். முதிரையெனத் தெளிந்தால், அதனருகே ஒரு தடியை நட்டு, வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் சொல்லி வையுங்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்டக் கை சற்றே தயங்கும். அத்தயக்கமே அக்கன்றுக்கு வாழ்வு.