சேவ் பண்ண முடியாத கப்பல்

புனேவுக்கு மாற்றலாகி வந்து நாலு மாசம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பையன் வெளியே போவதில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ விண்கப்பல் விளையாட்டு. "முதல்ல அதைப் பிடுங்குங்க" என்பது தங்கமணியின் உத்தரவு. பிடுங்குவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது என் தப்பு :-)

பெயர் 'எஃப்.டி.எல்.: ஃபாஸ்டர் தேன் லைட்'. 2012ல் மாத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா என்ற இரண்டு பேர் உருவாக்கியது. கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கேட்டார்கள், 2 லட்சத்துக்கு மேல் வந்தது. (என் மேஜைக்கு லோனுக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்!) இந்த வகைக்கெல்லாம் தாத்தா, 1980ல் வந்த 'ரோக்'. அதில் பாதாளச் சுரங்கம், இதில் விண்வெளி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரைபடம் புதிது. செத்தால் செத்ததுதான். பாதியில் நிறுத்தி நாளைக்குத் தொடரலாம், ஆனால் கப்பல் வெடித்தால் அந்த சேவும் போச்சு.

எட்டு செக்டார் தாண்டவேண்டும். பின்னாலேயே கலகக்காரர்களின் படை. எரிபொருள், ரிப்பேர், ஷீல்டு எல்லாவற்றுக்கும் காசு 'ஸ்க்ராப்'தான். பையன் அவசரத்துக்கு வேண்டுமென்று அதைச் சேர்த்துக்கொண்டே போனான், ஷீல்டை ஏற்றவில்லை. நாலாவது செக்டாரில் கப்பல் காலி. ஸ்க்ராப் மட்டும் பத்திரமாக இருந்தது. சேவிங்ஸில் லட்சக்கணக்கில் போட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் எடுக்காதவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான், சிரிப்பு வரவில்லை.

தீப்பிடித்தால் வெளிக்கதவைத் திறந்து காற்றை வெளியேற்றவேண்டும். தீ அணையும். உள்ளே மாட்டிய ஆளுக்கும் மூச்சு முட்டும்.

தப்பை அழித்து அழித்து ஜெயிக்கிற விளையாட்டுகளைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். தங்கமணி விடவில்லை. "ரெண்டு மணி நேரம் ஆடி கடைசியில ஒண்ணும் மிஞ்சலைன்னா என்ன பிரயோஜனம்?"

பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "கொச்சியில இருந்த ஃப்ரெண்ட்ஸ் கூடவா வந்தாங்க? மலையாளம் கத்துக்கிட்டேன், இங்க எதுக்கு? இனிமே மராத்தி. அடுத்த டிரான்ஸ்பர்ல அதுவும் போகும்."

பிரமோஷனோடு வந்த மாற்றல் அது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

விளையாட்டைப் பிடுங்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி நானும் ஆடினேன். ரெண்டாவது செக்டாரிலேயே கதை முடிந்தது. எங்கே தப்பு என்று கேட்டேன்.

"உள்ளே ஆள் இருக்கறதைப் பாக்காமலே கதவைத் திறந்துட்டீங்கப்பா."