பண்ணையாள் பேசுகிறேன்

2014 ஜூன் மாதம், அமெரிக்காவில் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பேஸ்பால் டிராஃப்டின் 24-ஆவது சுற்றில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா அடுப்படியில் நின்றபடியே அழுதாள். எனக்கு 22 வயது. கையெழுத்துக்குக் கிடைத்த பணம் 1,000 டாலர். வரி போக மிஞ்சியதில் ஒரு கையுறையும் ஒரு ஜோடி ஸ்பைக் ஷூவும் வாங்கினேன். அந்த ஒரு கையெழுத்தில் ஏழு சீசனை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. வேறு அணி கூப்பிட்டால் நான் போக முடியாது. அவர்களுக்கு நான் வேண்டாம் என்றால் அன்றைக்கே வெளியே அனுப்பலாம்.

மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாக மைனர் லீக் அணிகள் உண்டு. இந்த ஏற்பாட்டை 'ஃபார்ம்' என்பார்கள். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி வளர்த்தெடுத்த முறை இது. ஃபார்ம் என்றால் பண்ணை. பண்ணை என்று இருந்தால் பண்ணையார் இருப்பார், பண்ணையாளும் இருப்பான். ஆறு ஆண்டுகள் நான் பண்ணையாள்.

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். தொடக்கத்தில் எனக்கு மாதம் 1,100 டாலர். அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். பகல் ஒரு மணிக்கு மைதானத்துக்குள் போனால் இரவு பதினோரு மணிக்குத்தான் வெளியே வருவோம். வாரத்துக்கு 60 மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு நாலரை டாலர்கூடத் தேறாது. நாட்டின் குறைந்தபட்சக் கூலியே 7.25 டாலர். காலரியில் பாப்கார்ன் விற்ற பள்ளிக்கூடப் பையன் என்னைவிட அதிகம் சம்பாதித்தான். அந்தப் பையன்தான் ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து என்னிடம் ஆட்டோகிராஃப் கேட்டான். அதே 2014-இல் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டக்காரனின் மிகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 5,00,000 டாலர்.

இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். கட்டிலுக்கு வழியில்லை, காற்றடைக்கும் மெத்தைதான். விடியும்போது காற்று இறங்கி முதுகு தரையைத் தொட்டிருக்கும். அந்த முதுகை நிமிர்த்தித்தான் அன்று மாலை பந்து எறிய வேண்டும். கிளப்ஹவுஸில் போடும் சாப்பாட்டுக்கும் எங்கள் சம்பளத்திலிருந்தே பணம் கட்டினோம். ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் தின்று தின்று அந்த வாசனையே குமட்டும். ஐயோவாவிலிருந்து ஒஹையோவுக்கு ராத்திரி முழுக்க பஸ். இருக்கைகளுக்கு நடுவில் துண்டை விரித்து முறை வைத்துப் படுப்போம்.

மார்ச் மாதம் வந்தால் ஃபுளோரிடாவில் வசந்தகாலப் பயிற்சி முகாம். விடிவதற்கு முன் எழுந்து, மதியம்வரை எறிந்து, ஓடி, எடை தூக்குவோம். அதற்குச் சம்பளம் கிடையாது. "இது வேலையில்லை, பயிற்சி" என்றார்கள். வராமல் இருந்து பாருங்கள், அப்போது மட்டும் அது வேலையாகிவிடும்.

2018 மார்ச்சில் அந்த முகாமில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் அறைத்தோழன் டொமினிகன் குடியரசுக்காரன். பதினாறு வயதில் கையெழுத்துப் போட்டவன். கையில் காசு இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்த மாட்டான். என்னை அவன் மொழியில் 'அண்ணா' என்று கூப்பிடுவான். ஒருநாள் காலை அவனை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்பானிஷ் தெரிந்த பயிற்சியாளர் அன்று இல்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "அண்ணா, கை குலுக்கினார்கள். நாளைக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். அவனுக்கு நாளை இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. ஐந்து ஆண்டு உழைத்த பையனுக்கு, போ என்பதை அவன் மொழியில் சொல்லக்கூட ஓர் ஆளை வைக்கவில்லையே, பாவிகளா!

அதே மார்ச்சில்தான் வாஷிங்டனிலும் எங்கள் கழுத்தை அறுத்தார்கள். எங்களைப் போன்ற சிலர் சேர்ந்து 2014-இலேயே கூலி வழக்குப் போட்டிருந்தார்கள். வழக்கை நடத்தியவர்களில் ஒருவரான காரெட் ப்ரோஷுயிஸ், தானே மைனர் லீக்கில் பந்து எறிந்துவிட்டு வழக்கறிஞர் ஆனவர். அந்த வழக்குக்குப் பயந்த பண்ணையார்கள், 2,000 பக்கங்களுக்கு மேல் நீண்ட ஒரு செலவு மசோதாவுக்குள் ஒரு துண்டைச் செருக வைத்தார்கள். அதன் பெயர் 'அமெரிக்காவின் விளையாட்டைக் காப்பாற்றும் சட்டம்'. யாரிடமிருந்து காப்பாற்ற? மெத்தையில் காற்று நிற்காத என்னிடமிருந்தா? எத்தனை மணி உழைத்தாலும் வாரத்துக்கு 40 மணிக்கான குறைந்தபட்சக் கூலி போதும், பயிற்சி மாதங்களுக்கு அதுவும் வேண்டாம் என்றது அந்தச் சட்டம். 7.25-ஐ 40-ஆல் பெருக்குங்கள், 290. கீழ்மட்ட லீக்குகளின் வாரச் சம்பளம் 290 டாலர் என்று நின்றது.

சட்டம் எங்களுக்குக் கதவடைத்தது அது முதல் தடவையும் அல்ல. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1922-இலேயே சொல்லிவிட்டது. 1998-இல் கர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரரின் பெயரில் வந்த சட்டம் மேஜர் லீக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பூட்டைத் திறந்தது. மைனர் லீக்காரர்களுக்கு இது பொருந்தாது என்று அதில் எழுதியே வைத்தார்கள்.

2020-இல் கொரோனா வந்தது. மே மாதக் கடைசியில் நூற்றுக்கணக்கான பையன்களை விடுவித்தார்கள். அதில் நானும் ஒருவன். தொலைபேசியில் ஒரு குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 160 மைனர் லீக் அணிகளை 120 ஆக்கினார்கள். நான் முதன்முதலில் பந்து எறிந்த நியூயார்க்-பென் லீக்கே இல்லாமல் போனது.

2022 மார்ச்சில் அந்தக் கூலி வழக்கில் நீதிபதி ஜோசப் ஸ்பீரோ, இந்த ஆட்டக்காரர்கள் ஆண்டு முழுவதும் ஊழியர்களே, பயிற்சியும் வேலைதான் என்று தீர்ப்பளித்தார். அன்று வாய்விட்டு அழுதேன். விசாரணை தொடங்கும் முன்பே 185 மில்லியன் டாலருக்குச் சமரசம் பேசி முடித்தார்கள். 20,000 பேருக்கு மேல் பங்கு. செலவு போக ஆளுக்குச் சராசரி சுமார் 5,000 டாலர். 2022-இல் சங்கமும் வந்தது, 2023-இல் முதல் ஒப்பந்தமும் ஆனது. சிங்கிள்-ஏ என்ற கீழ்மட்ட லீக்கின் பையனுக்கு 2023-இல் ஆண்டுக்கு 26,200 டாலர் என்று ஆனது, தங்க இடமும் உண்டு. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை, மனசு நிறைகிறது. ஆனால் டொமினிகன் குடியரசில் நடக்கும் கோடை லீக்கின் பையன்கள் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. என் தம்பியைப் போன்ற பதினாறு வயதுக்காரர்களுக்குக் கதவு இன்னும் சாத்தியே கிடக்கிறது.

இப்போது நான் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் இரண்டு நாள் பயிற்சி. முதுகு பிடிக்காமல் பெட்டியை எப்படித் தூக்குவது என்று ஓர் அம்மா சொல்லிக்கொடுத்தார். இரண்டு நாளும் ஒரு பெட்டியைக்கூட லாரியில் ஏற்றவில்லை. வார முடிவில் சம்பளச் சீட்டு வந்தது. 'பயிற்சி, 16 மணி' என்று தனி வரி, அதற்கு நேரே கூலி. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு மார்ச் மாதம் தோள் கழன்றுபோக எறிந்தேனே ஐயா, அந்த வரி எங்கே?