வேலை நேரத்திலேயே நடக்க விடுங்கள்

கடந்த 2025 பிப்ரவரியில் பிரதமர் ‘மனதின் குரல்’ உரையில் உடல் பருமனைப் பற்றிக் கவலைப்பட்டார். சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார். அதே ஆண்டில் குஜராத் அரசு தொழிற்சாலைகளின் தினசரி வேலை நேர வரம்பை 9 மணியிலிருந்து 12 மணியாக உயர்த்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிர அமைச்சரவையும் 12-க்கு ஒப்புதல் தந்தது. ஆந்திரம் 10 என்றது. தமிழகத்திலும் 2023-ல் நிறைவேறிய 12 மணி நேர மசோதா, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே திரும்பப் பெறப்பட்டது.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு அப்படியேதானே இருக்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். அப்படியானால் ஓவர்டைம் வரம்பை ஏன் கூடவே உயர்த்தினார்கள்?

இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று 2024-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்வு சொன்னது. 2000-ல் அது 22 சதவீதம்தான். உடனே எல்லாரும் சோம்பேறித்தனத்தைத் திட்டத் தொடங்கினார்கள். கால் நூற்றாண்டில் ஒரு தேசமே சோம்பேறியாகிவிடுமா? மாறியது வேலை.

வேலையின் தன்மை உடல்நலத்தைத் தீர்மானிக்கும் என்பதற்குச் சான்று 1953-லேயே கிடைத்துவிட்டது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். ஓட்டுநர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். ஒரே ஊர், ஒரே பேருந்து, ஒரே புகை. ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களையே அதிகம் தாக்கியது. சீக்கிரம் கொன்றதும் அவர்களைத்தான். ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனானவர்கள் என்று சிலர் மறுத்தார்கள். சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து அதில் உண்மை இருக்கிறது என்று காட்டியவரும் மாரிஸ்தான். இருந்தாலும் என்ன? தபால்காரர்களையும் மேசையில் அமர்ந்து வேலை செய்யும் அஞ்சல் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அதே முடிவுதானே வந்தது!

லண்டன் நடத்துநர் உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. சம்பளம் வாங்கும் நேரத்திலேயே அவருடைய இதயம் காக்கப்பட்டது. இன்று சென்னை மாநகரப் பேருந்தில் நடத்துநர் பெரும்பாலும் இருக்கையிலேயே இருக்கிறார். காசும் டிக்கெட்டும் பயணிகளின் கைமாறிப் போய்வருகின்றன. மென்பொருள் நிறுவனத்திலும் வங்கியிலும் கிடங்குக் கணினி முன்னாலும் இதே கதைதான்.

‘காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திரு’ என்கிற உபதேசம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் ஸ்ரீபெரும்புதூர் பெண் தொழிலாளியிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அவள் தூக்கத்திலிருந்து கழித்துத்தான் நடக்க வேண்டும். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. ‘லான்செட்’ கணக்கில் போதிய உடலியக்கம் இல்லாத பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்போருக்கு அந்த 57தான் பதில்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து வேலை நாள், தினம் அரை மணி. அதை எட்டு மணி நேர வேலைக்குள்ளேயே, சம்பளப் பிடித்தம் இல்லாமல், சட்டப்படி தர வேண்டும். உற்பத்தி படுத்துவிடும் என்று தொழிலதிபர்கள் அலறுவார்கள். தொழிலாளருக்கு எந்த உரிமை வந்தபோது அவர்கள் அலறவில்லை?

நாட்டில் 10 கோடிக்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகள் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு காட்டியது. இந்த அரை மணியைக் கொடுத்தால் பத்தே ஆண்டில் அரசு மருத்துவமனைகளின் டயாலிசிஸ் வரிசை பாதியாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைக் கொடுத்தது தமிழகம். அதில் நடப்பதற்கான நேரத்தையும் முதலில் தமிழகமே கொடுக்கட்டும். தலைமைச் செயலகத்தில் தொடங்கி ஓராண்டுக்குள் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அதை விரிவாக்க வேண்டும்.